பொருளாதாரம் எமக்கு விளங்காதாம்!

"பொருளாதாரம் ஆழ்ந்ததொரு சாத்திரம், அதனைக் கற்றுத் தேர்ந்த நிபுணர் கையில் ஒப்படைத்துவிட்டு, மக்கள் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டிருப்பதே நாட்டுக்கு நன்று" என்னும் உபதேசத்தைக் கொழும்பிலிருந்து நாம் கேளாத ஆண்டில்லை. அரசாங்கங்கள் மாறுகின்றன, அமைச்சர்கள் மாறுகின்றனர், இந்த உபதேசம் மட்டும் மாறுவதில்லை. விலை ஏறினால் 'உலகச் சந்தை' என்பர். பொருள் இல்லையெனில் 'அந்நியச் செலாவணி' என்பர். வரி கூடினால் 'சர்வதேச நாணய நிதியம்' என்பர். அதற்கும் மேலே ஒருவன் எழுந்து வினவினால், "உமக்கு இது விளங்காது, அமரும்" என்பர்.

விளங்காதது யாருக்கு என்பதை இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம். காலையிற் சந்தைக்குப் போய், கையிலுள்ள ஆயிரம் ரூபாவை அரிசிக்கும் தேங்காய்க்கும் பிள்ளையின் கொப்பிக்கும் பங்கிட்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வருகின்ற தாய்க்குப் பொருளாதாரம் விளங்காதாம்! அவள் செய்த பங்கீட்டிற் பத்து ரூபா பிழைத்தால், அன்றிரவு வீட்டில் ஒரு வயிறு வாடும். நாட்டின் திறைசேரியையே வெறிதாக்கிய கணக்கைப் போட்டவர்களோ, நிபுணர் என்ற பட்டத்தோடு இன்றும் உலவுகின்றனர்.

பொருளாதாரம் என்பது கொழும்பு அலுவலகங்களிற் பூட்டிவைக்கப்பட்ட மந்திரமன்று. அது எமது கடைப்பலகையில் இருக்கின்றது; எண்ணெய்க்கு நின்ற வரிசையில் இருக்கின்றது; மிச்சக் காசுக்குப் பதிலாகக் கையில் திணிக்கப்படும் டொபியில் இருக்கின்றது. அதனைக் கண்டுகொள்ளும் மக்களை ஏய்ப்பது கடினம். அதனாற்றான் "உமக்கு விளங்காது" என்ற பேச்சு ஓயாமல் நடக்கின்றது.

குண்டூசியும் சிகரெட்டும்

பொருளாதார நூலோர் தமது பேருண்மைகளை எங்கே கண்டனர்? அரசியற் பொருளாதாரத்தின் தந்தையெனப் போற்றப்படும் ஆடம் சிமித், 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலை அரசர் கருவூலத்திலிருந்து தொடங்கவில்லை. குண்டூசி செய்யும் சிறு பட்டறையிலிருந்து தொடங்கினார். ஒருவர் கம்பியை இழுக்க, ஒருவர் நிமிர்த்த, ஒருவர் வெட்ட, ஒருவர் கூராக்க, இவ்வாறு வேலையைப் பகிர்ந்துகொண்ட பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசிகளுக்கு மேற் செய்ததையும், தனித்தனியே செய்திருந்தால் ஆளுக்கு இருபதுகூடத் தேறியிராது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். தொழிற்பிரிவு என்னும் தத்துவத்தை அவர் விளக்கிய இடம் அதுவே.

இரண்டாம் உலகப் போரிற் சிறைப்பட்ட ராட்போர்ட் என்னும் ஆங்கிலேயர், தாம் இருந்த போர்க்கைதிகள் முகாமைக் கண்ணாற் கண்டபடி 1945ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதினார். செஞ்சிலுவைச் சங்கப் பொதிகள் எல்லாருக்கும் ஒரே அளவில் வந்தன. எனினும் சில நாட்களில் அங்கே ஒரு சந்தை தோன்றிவிட்டது, சிகரெட்டே நாணயமாயிற்று. சிகரெட் மிகுதியாக வந்தால் எல்லாப் பண்டங்களின் விலையும் ஏறிற்று. புகைத்துத் தீர்ந்தால் விலை இறங்கிற்று. நல்ல சிகரெட்டை மனிதர் புகைத்துவிட, மட்டமானதே கைமாறித் திரிந்தது. நாணயம், விலை, பணவீக்கம் என்று பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கணக்காகக் கற்பிக்கப்படுவன யாவும் அந்த முள்வேலிக்குள்ளே சில திங்களில் நடந்தேறின. இன்றும் அக்கட்டுரை மாணவர்க்குப் பாடமாக இருக்கின்றது.

முள்வேலிக்குள் இருந்து பொருளாதாரம் படிப்பதற்குத் தமிழ் பேசும் மக்களாகிய எமக்கு வேறொருவருடைய கட்டுரை தேவைதானா?

ஜாம் போத்தல் விளக்கு

1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபோது வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் அறுந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு, யூரியா என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயின் விலையோ, தெற்கிலுள்ளோர் கேட்டால் நம்பமாட்டாத உயரத்துக்குச் சென்றது.

அக்காலத்தில் எமது மக்கள் செய்தவற்றை நினைத்துப் பாருங்கள். வெறும் ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, அதன்மீது சிறிதளவு மண்ணெண்ணெய் வார்த்து, சின்னஞ்சிறு திரியொன்றை ஏற்றினர். போத்தலே சிமிலியுமாயிற்று. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவ்வெளிச்சத்திற் படித்துப் பரீட்சை எழுதினர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். சவர்க்காரம் கிடையாத வீடுகளிற் பனம்பழக் களியாற் துணி தோய்த்தனர்.

ஒரு பண்டம் அரிதாகுமிடத்து அதற்கு மாற்று எவ்வாறு பிறக்கின்றது என்பதை இதனினும் தெளிவாக எந்த நூல் எடுத்துரைக்கும்? ஆயினும் இதனை எமது கெட்டித்தனத்தின் கதையாக மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டு நின்றுவிடுவது பேதைமை. ஜாம் போத்தல் தரும் பாடம் வேறொன்றும் உண்டு. மண்ணெண்ணெய் கடலில் வற்றவில்லை, வானத்தில் மறையவில்லை. சோதனைச் சாவடிக்கு அப்பால் ஒரு விலை, இப்பால் பன்மடங்கு விலை. இடையே நின்றது ஓர் ஆணை. அந்த இரு விலைகளுக்கும் உள்ள வித்தியாசம் காற்றிற் கரைந்து போகவில்லை. அனுமதிப் பத்திரம் வைத்திருந்தவன் கைக்கும், கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரம் பெற்றவன் கைக்கும், பதுக்கிவைக்கும் பணம் படைத்தவன் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவருள் எம்மவரும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு யாழ்ப்பாணம் மீண்டும் தீவாகியபோது, அதே நாடகம் அதே பாத்திரங்களோடு அரங்கேறிற்று.

ஆகவே, 'தட்டுப்பாடு' என்ற சொல்லைக் கேட்டவுடன் வானத்தை நோக்காதீர்கள். அந்தத் தட்டுப்பாட்டை ஆக்கிய ஆணை எது, அதனால் நிறைந்த பை யாருடையது என்று கேளுங்கள்.

வரிசையும் ஒரு விலையே

வடக்கு அன்று கற்ற பாடத்தை 2022ஆம் ஆண்டில் இலங்கைத் தீவு முழுவதும் கற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. காலியிலும் கண்டியிலும் மக்கள் எண்ணெய்ப் போத்தலோடும் எரிவாயு உருளையோடும் வீதியில் இரவைக் கழித்தனர். அதனைக் கண்டு எமது மக்களுள் மகிழ்ந்தவர் எவருமிலர். வரிசையில் நிற்பவனின் கால்வலிக்கு மொழியில்லை.

அந்த வரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள். மண்ணெண்ணெயின் கட்டுப்பாட்டு விலை லீற்றர் 87 ரூபா. ஏழைக்கென்று வைக்கப்பட்ட மலிவு விலை அது என்று அரசாங்கம் மார்தட்டிற்று. பத்து லீற்றர் வாங்க ஒரு கடற்றொழிலாளி ஒரு பகல் முழுவதும் வரிசையில் நின்றான் என்று கொள்வோம். அவனது நாளுழைப்பு 2,000 ரூபா என்றும் கொள்வோம். எண்ணெய்க்குக் கொடுத்தது 870 ரூபா. இழந்த உழைப்பு 2,000 ரூபா. மொத்தம் 2,870 ரூபா. அவன் உண்மையிற் கொடுத்த விலை லீற்றருக்கு 287 ரூபா! 87 என்பது வர்த்தமானியில் இருந்த எண். 287 என்பது அவனது முதுகில் எழுதப்பட்ட எண். வேறுபாடாகிய 200 ரூபா திறைசேரிக்கும் போகவில்லை, எண்ணெய்க் கூட்டுத்தாபனத்துக்கும் போகவில்லை. அது வெயிலிற் காய்ந்து வீணாயிற்று.

இதனைக் கண்ட நிபுணர், "விலையை ஏற்றிவிட்டால் வரிசை மறையும்" என்றனர். அவ்வாறே 2022 ஆகஸ்ட் பிற்பகுதியில் 87 ரூபா ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. வரிசை குறைந்தது உண்மைதான். ஆனால் குருநகரிலும் பேசாலையிலும் முல்லைத்தீவிலும் 340 ரூபா எண்ணெய் ஊற்றிக் கடலுக்குப் போனால் மீனின் விலை எண்ணெய்க்கே காணாது என்றிருந்த சிறு படகுக்காரன், படகைக் கரையில் இழுத்துவிட்டுச் சும்மா இருந்தான். வரிசை மறைந்ததென்று நிபுணர் மகிழ்ந்தனர். வரிசையில் நின்றவன் எங்கே போனான் என்று அவர்களுள் யார் கேட்டார்?

மலிவு விலை என்று முழங்கியவனும், விலையை ஏற்றென்று முழங்கியவனும் ஒரே கேள்வியைத் தவிர்த்துக்கொண்டனர். 'இதனை யார் சுமப்பது?' என்பதே அக்கேள்வி. அதே ஆண்டு யூலையில் வாகனங்களுக்கென அறிமுகப்படுத்தப்பட்ட கியூஆர் அட்டை முறையைப் பாருங்கள். இன்ன வாகனத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று எல்லார்க்கும் பொதுவான ஓர் ஒழுங்கு வந்ததும், கிலோமீற்றர் கணக்கில் நீண்ட பெற்றோல் வரிசைகள் சில வாரங்களிற் சுருங்கின. ஆகவே விலையை விட்டால் வழியில்லை என்பதும் பொய். கட்டுப்பாட்டு விலையே கருணை என்பதும் பொய். உள்ளதைப் பங்கிடும் நெறி ஒன்று உண்டு; அதற்கு வேண்டியது ஆள்வோரின் மனமே.

டொபியும் நாற்பத்தைந்து சதமும்

கடையிற் சாமான் வாங்கினால், இரண்டு ரூபா மிச்சத்துக்குப் பதிலாக ஒரு டொபி கைக்கு வருகின்றது. பேருந்திலோ நடத்துநர் "மிச்சம் பிறகு தாறன்" என்கின்றார்; அந்தப் 'பிறகு' வருவதற்குள் நாம் இறங்கவேண்டிய இடம் வந்துவிடுகின்றது. சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: டொபி இந்நாட்டின் சட்டமுறை நாணயமன்று. வாடிக்கையாளர் நான்கு டொபியைத் திரும்பக் கொண்டுபோய், "இதற்கு ஒரு தீப்பெட்டி தாரும்" என்றால் கடைக்காரர் ஏற்பாரா? ஏற்கமாட்டார். ஆகவே நாம் வேண்டாத ஒரு பண்டத்தைக் கட்டாயமாக வாங்குகின்றோம் என்பதே அதன் பொருள்.

ஆனால் இக்குற்றத்தைச் சிறு கடைக்காரர் தலையிற் போடுவது நியாயமன்று. அவருக்கும் சில்லறை கிடைப்பதில்லை. சில்லறையை யாரும் பேணாத அளவுக்கு அதன் பெறுமதி கரைந்துவிட்டது. கரைத்தது யார்?

1953ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின. அக்டோபரிற் பிரதமர் பதவி துறந்தார். ஓர் அரசாங்கத் தலைவரை வீட்டுக்கு அனுப்பிய அந்த விலையேற்றம் எவ்வளவு? நாற்பத்தைந்து சதம்! இன்று நாற்பத்தைந்து சதத்துக்கு அந்த டொபிதானும் கிடையாது. அன்று வர்த்தமானியில் வெளிப்படையாக ஏற்றினர், மக்கள் கண்டனர், எதிர்த்தனர். அந்தப் பாடத்தை மக்களைவிட ஆள்வோரே நன்றாகக் கற்றுக்கொண்டனர். விலையை ஏற்றினால் மக்கள் எழுவர். நாணயத்தைக் கரைத்தால் மக்கள் ஒருவரையொருவர் நொந்துகொள்வர். கடைக்காரரை வாடிக்கையாளர் ஏசுவார். கடைக்காரர் மொத்த வியாபாரியை ஏசுவார். கரைத்தவரோ கொழும்பிற் குளிர்ந்த அறையில் இருப்பார்.

சட்டமின்றி வெட்டப்பட்ட கூலி

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வரிக்குப் பதிவு செய்யவேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. உங்கள் கடையிற் சவர்க்காரக் கட்டியின் விலை அம்மாதம் எத்தனை சதம் இறங்கிற்று என்று எவருக்காவது நினைவிருக்கின்றதா? வரியில் விட்டதை ஈடுசெய்ய நாணயம் அச்சிடப்பட்டது. கையிருப்பிலிருந்த அந்நியச் செலாவணி கரைந்தது. டொலரின் விலையை ஏறத்தாழ 200 ரூபாவிற் கட்டிவைத்து, 2022 மார்ச்சிற் கட்டை அவிழ்த்தபோது, சில வாரங்களில் அது 300 ரூபாவைத் தாண்டிப் பாய்ந்தது.

இதன் விளைவைத் தேயிலைத் தோட்டத்திற் பாருங்கள். ஆண்டுக்கணக்காகப் போராடி, மலையகத் தொழிலாளர் 2021 மார்ச்சில் நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளத்தைப் பெற்றனர். கம்பெனிகள் நீதிமன்றம் வரை சென்று எதிர்த்த சம்பளம் அது. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 94.9 உயர்ந்திருந்தது. அதே கணக்கைத் தோட்டக் கடைக்குப் பொருத்தினால், அந்த 1,000 ரூபா ஓராண்டுக்கு முன்னர் 513 ரூபா வாங்கிய உணவையே வாங்கும். 487 ரூபா எங்கே?

கம்பெனி வெட்டியிருந்தால் வழக்கு வைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். பாராளுமன்றம் வரி விதித்திருந்தால் வாக்களித்தவர் பெயரைக் குறித்து வைக்கலாம். இந்நாட்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படலாகாது என்கின்றது. அரசாங்கம் நாணயத்தை அச்சிட்டுச் செலவழித்து, அதன் சுமையைக் கொழுந்து பறிக்கும் கைகளின்மேல் ஏற்றியதை வரியென்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அந்த வரிக்கு மசோதா இல்லை, விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டுக்கூட இல்லை.

"இது அரசியல்வாதியின் மிகைப்பேச்சு" என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட ஆயம், நால்வரின் பெரும்பான்மைத் தீர்ப்பால், முன்னாள் சனாதிபதி, முன்னாள் பிரதமர், முன்னாள் நிதியமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் முதலானோர் பொதுமக்கள் தம்மீது வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று தீர்த்தது. எமக்கு விளங்காதென்ற நிபுணரின் பெயர்களும் அப்பட்டியலில் உள்ளன! 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டமோ, அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுத்து நாணயம் பெருக்குவதைத் தடுத்தது. களவு போன பின்னர் கதவுக்குப் பூட்டு. எனினும் பூட்டு நல்லதே. ஆனால் போன 487 ரூபாவைத் தொழிலாளிக்கு எந்தத் தீர்ப்பும் எந்தச் சட்டமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கொடுக்காதது மட்டுமன்று, மேலும் எடுத்தனர். 2023ஆம் ஆண்டில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை விட்டுவிட்டு, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியின் முறிகள்மீது கைவைத்தனர். குறைந்த வட்டிக்கு இணங்காவிடின் அந்நிதியின் வருமானத்தின்மீது 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி என்று நிபந்தனையும் விதித்தனர். 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. சவர்க்காரம் வாங்கும் கோடீசுவரனும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அதே வரியைக் கொடுக்கின்றனர். சமத்துவம் என்றால் இதுவன்றோ சமத்துவம்!

மிளகாயின் இரு முனைகள்

பிறரைச் சாடும் நாம் எமது முற்றத்தையும் பார்த்தல் வேண்டும். 1970 முதல் 1977 வரை ஆண்ட கூட்டரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தும் குறைத்தும் வைத்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் செழித்தனர். செம்மண் பூமியில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் கல்வீடுகளாயின; நீரிறைக்கும் இயந்திரங்களாயின; மகளின் சீதனமாயின. 1977இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டபோது அந்தச் செழிப்பு சரிந்தது. இதனை எமது மேடைகளில் நூறு முறை சொல்லியிருக்கின்றோம், சொன்னதும் உண்மையே.

ஆனால் அதே மூடிய பொருளாதாரக் காலத்தின் மறுமுனையில் மலையகத் தமிழன் நின்றான் என்பதை எத்தனை மேடைகளிற் சொன்னோம்? 1973, 1974ஆம் ஆண்டுகளிற் பங்கீட்டு அரிசி குறைந்தது, மாவு அரிதாயிற்று, சொந்தத்தில் ஒரு துண்டு வயலும் இல்லாத தோட்டத் தொழிலாளர் பட்டினியால் மடிந்தனர். தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. பலர் மலையை விட்டிறங்கி வன்னிக்கு வந்து, எம்மவர் வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிகளாயினர். ஒரே நாடு, ஒரே அரசாங்கம், ஒரே மொழி பேசும் இரு மக்கள். ஒருவனுக்கு அது பொற்காலம். மற்றவனுக்கு அது பட்டினிக் காலம்.

விற்பவன் பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஒரு நியாயம், வாங்குபவன் பக்கத்தில் நிற்பவனுக்கு இன்னொரு நியாயம். ஒவ்வொரு விலைக்கும் இரண்டு முனைகள் உண்டு. இரண்டையும் ஒருசேரப் பார்க்காத பொருளாதாரமும் பொய். அவ்வாறு பார்க்காத தமிழ் ஒற்றுமையும் பொய்.

உரிமையும் வெங்காயமும்

"நாம் கேட்பது அரசியல் உரிமை, வெங்காய விலையைப் பேசி அதனை மலினப்படுத்தலாமா?" என்று எம்முள்ளே சில அன்பர் வினவக்கூடும். அவர்களுக்கு எனது மறுமொழி இது: மண்ணெண்ணெய்க்குத் தடை விதித்தது விலைவாசியன்று, அதிகாரம். கூலியைக் கரைத்தது காலமன்று, அதிகாரம். இறக்குமதிக் கதவை மூடியதும் திறந்ததும் எம்மைக் கேளாத அதிகாரம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி, கொழும்பு நியமித்த ஆளுநரின் கையில் மாகாணம் கிடந்தது. வெங்காயம் விளையும் மண்ணில் வெங்காயத்தைப் பற்றிப் பேச ஒரு சபை இல்லாதிருந்ததைவிடப் பெரிய உரிமைப் பிரச்சினை எது? உரிமையென்பது பசிக்கு அப்பாற்பட்ட ஏதோ ஓர் அலங்காரப் பொருள் என்று மக்கள் எண்ணும்படி பேசிவருவதே எமது அரசியலுக்கு நாமே இழைக்கும் பெருந்தீங்கு.

செய்யத்தக்கது

வெறுங்கூச்சலோடு நின்றுவிடாமல், கைக்கெட்டிய ஒரு வேலையை முன்வைக்கின்றேன். ஒவ்வொரு கிராமத்து வாசிகசாலையிலும், ஒவ்வொரு தோட்டத்து மாதர் சங்கத்திலும் ஒரு கொப்பி திறக்கப்படட்டும். அரிசி, மா, தேங்காய், பருப்பு, சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பால்மா, பாண், மீன் ஆகிய பத்துப் பொருட்களின் விலையை வாரந்தோறும் அதில் எழுதுங்கள். விலையை மட்டுமன்று, நிறையையும் எழுதுங்கள். 450 கிராம் இருக்கவேண்டிய பாண் எவ்வளவு நிறுக்கின்றது, பொதியின் விலை அப்படியேயிருக்க உள்ளிருக்கும் பண்டம் எத்தனை கிராம் குறைந்தது என்பதைக் குறியுங்கள். அதற்குப் பக்கத்தில் அவ்வூரின் நாட்கூலியையும் எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை இது.

ஓராண்டு இதனைச் செய்த கிராமத்தை எந்த அமைச்சரும் "உமக்கு விளங்காது" என்று சொல்ல முடியாது. பிரதேச சபைக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு செல்லுங்கள். வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியினராயினும், எமது கட்சியினரேயாயினும், அவர் முன் அதனை விரியுங்கள். இனிமேல் வரும் ஒவ்வொரு வர்த்தமானியையும் வரவு செலவுத் திட்டத்தையும் மூன்றே கேள்விகளாற் குறுக்கு விசாரணை செய்யுங்கள்: இதற்குக் கொடுப்பவர் யார்? இதனாற் பெறுபவர் யார்? யாரைக் கேட்டு இது செய்யப்பட்டது?

இம்மூன்றுக்கும் விடை சொல்லத் தெரியாதவரே பொருளாதாரம் விளங்காதவர். அவர்களை இனிமேல் நாம் அமரச் சொல்வோம்.